கயிறு பிடிக்காத மிக்கேலுக்கும் ஒரு பங்கு

இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பட்டினப்பாக்கம் குப்பத்து நாட்டாண்மை பாண்டுரங்கன் அவர்களே, மாதா கோயில் சபையாரே, அம்மன் கோயில் தர்மகர்த்தா அவர்களே, அலையோடு மல்லாடி ஆளான பெரியோர்களே, கூடையோடு குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் மயிலாப்பூர் டாக்டர் சுந்தரராமனின் பணிவான வணக்கம்.

'வயிற்றைக் காக்கும் வழிகள்' என்று நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். கூழும் கீரையும் மோரும் குறையாமல் உண்ணுங்கள். மலச்சிக்கலோடு முக்கி முனகாதீர்கள். விடியற்காலை மணலில் நடங்கள். இதற்கு மேல் நிதானமாகப் பேச என்னால் ஆகவில்லை. கண் அடிக்கடி முன்வரிசைக்கே போகிறது. அங்கே மிக்கேல் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றிப் பேச அவனே உத்தரவு கொடுத்திருக்கிறான். "ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது, சொல்லு டாக்டரு" என்றான்.

மிக்கேலுக்குக் குடல் இறங்கியிருக்கிறது. அடிவயிற்றுச் சதை நைந்து, குடல் தொடைச் சந்தில் பிதுங்குகிறது. வலை இழுத்தால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். துணியை இறுக்கிக் கட்டி இத்தனை நாள் மறைத்துவிட்டான். நேற்று மாலை படுத்தும் போகவில்லை. கல் மாதிரி நின்றுவிட்டது. அவன் மனைவி தேசம்மா தலைவிரி கோலமாக என் வாசலில் வந்து நின்றாள். வெகுநேரம் தடவித் தடவி உள்ளே அனுப்பினேன்.

இன்னொரு முறை சிக்கினால் என்ன ஆகும்? சிக்கிய குடலுக்கு ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத குடல் அழுகும். அழுகிய பிறகு எந்தப் பத்தியம் பலிக்கும்? எந்தப் பயிற்சி பயன்படும்? எந்தப் பச்சிலை பிழைக்க வைக்கும்?

யார் அங்கே கேட்கிறது? "தண்டால் எட்தா வயிறு கெட்டியாய்டாதா" என்றா? ஆகாது ஐயா. கிழிந்த வலையை வீசிக்கொண்டே இருந்தால் கிழிசல் மூடுமா? ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைக்கத்தான் வேண்டும்.

கத்திக்கு அஞ்சியா மறுக்கிறான் மிக்கேல்? இல்லை. அவன் சொன்னதைக் கேளுங்கள். "அறுத்துக்கினா ரெண்டு மாசம் வலைக் கவுறு புடிக்கக் கூடாதுன்ற. கவுறு புடிக்காதவனுக்கு இங்க மீன்ல பங்கு கெடியாது. புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

போன வருஷம் உங்கள் குப்பத்து முனியனுக்கும் இதே இறக்கம்தான். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் தைத்தார்கள். மேலே புண் ஆறியது, உள்ளே ஆறவில்லை. அதற்குள் போய்க் கயிற்றைப் பிடித்தான். ஏன் பிடித்தான்? பேராசையா? பிடிவாதமா? வீட்டில் பசி. தையல் விட்டது, குடல் சிக்கியது, என்னிடம் தூக்கி வந்தபோது பொழுது கடந்துவிட்டது, பிழைக்கவில்லை. அந்த முகம் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

நாட்டாண்மை அவர்களே, உழைக்காமல் தின்பவனுக்காக வைத்த கட்டுப்பாட்டை உடம்பு முடியாதவன் தலையில் வைக்கலாமா?

என்ன சொல்கிறீர்கள் நாட்டாண்மை? "இவனுக்குக் குட்த்தா நாளைக்கு அல்லாரும் வயித்த நோவுதுன்னு பட்த்துக்குவான்" என்கிறீர்களா? படுக்கட்டும். என் கத்தியைக் காட்டுகிறேன், எத்தனை பேர் படுக்கிறீர்கள் பார்ப்போம். சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா.

பின்னால் எழுந்து நிற்பது யார்? முனியனின் மனைவி கெங்கம்மாவா? பேசு அம்மா. எல்லாருக்கும் கேட்கும்படி நான் திருப்பிச் சொல்கிறேன். "எனக்குச் சோறு போட்ற எந்தம்பி பங்குல பாதி மிக்கேலு வூட்டுக்குக் குடுத்துர்றேன். எங்க வூட்டுக்காரரு ஊரை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா குட்த்திருப்பீங்களா இன்னான்னு எனக்குத் தெரியாது."

ஏன் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டீர்கள்?

நாட்டாண்மை பேசுகிறார், அமைதி. "பாதி இன்னாத்துக்கு? அவன் தேறி வர்ற வரிக்கும் முழுப் பங்கு போவும்" என்கிறார். ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மிக்கேல், ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி தயாராக நிற்கிறது. நாளைக்கு என்று சொல்லாதே. உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தேசம்மா, அவன் கையைப் பிடித்துக்கொள் அம்மா. பெரியோர்களே, தாய்மார்களே, பேச்சைப் பாதியில் விட்டுப் போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள்.