வயரைத் தாண்டாம சுத்தி வாங்க

தாண்டாதீங்க தம்பி... அப்படியே நில்லுங்க. எடுத்த கால பின்னால வைங்க. ம்ம். இப்ப சோபாவுக்கு அந்தப் பக்கமா, சுவரோரமா சுத்தி வாங்க. பூந்தொட்டி இருக்கு, பாத்து. ஆங்... உக்காருங்க.

வயருதான். வேற என்ன, பாம்பா படுத்திருக்கு? ஆனா பாம்புன்னாக்கூடத் தாண்டிடலாம். இதத் தாண்டக் கூடாது, அசைக்கக் கூடாது, மடக்கக் கூடாது, பக்கத்துல நின்னு செல்போன் பேசக் கூடாது. பச்சப்புள்ள தூங்குற வீட்டுலகூட இவ்வளவு சட்டம் கிடையாது. எம் பொண்ணக் கைக்குழந்தையில தையல் மிஷினுக்கு அடியிலதான் படுக்க வச்சேன். நான் பாட்டுக்கு மிதிப்பேன், அவ பாட்டுக்குத் தூங்குவா. இங்க ஒரு வயரு படுத்திருக்குன்னு வீடே நுனிக்கால்ல நடக்குது.

போன்ல உங்ககிட்டப் பேசினது மாப்பிள்ளைதான். ஆபீஸ் விட்டு வர்ற நேரந்தான், வந்துருவாரு. பொண்ணு ஆஸ்பத்திரியில நர்ஸு, இந்த வாரம் மத்தியான ஷிப்டு. நான் மாமியாரு. பாட்டு செட்ட விக்கப்போறோம்னு விளம்பரம் போட்டது அவரு. நான் இல்ல.

அந்தா இருக்கு பாருங்க, சாம்பல் கலர்ல, செங்கல் அளவுக்கு, செவப்பு விளக்கு எரியுது. அதுதான் வயரப் பழக்குற பெட்டி. வயரோட ரெண்டு முனையையும் அதுல சொருகிட்டா, உள்ளுக்குள்ள உஸ்ஸுன்னு ஒரு சத்தத்த ஓட்டிக்கிட்டே இருக்குமாம். ராப்பகலா. கன்னுக்குட்டிய வண்டிக்குப் பழக்குற மாதிரி. பழகாத வயரு முரடாம். அதுல பாட்டு போனா கரகரன்னு கெட்டியா வருமாம். பழகிட்டா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கிட்டு வருமாம். நடுவுல யாராச்சும் அசைச்சுட்டா போச்சு, பழகினதெல்லாம் மறந்துருமாம். செம்புக் கம்பிங்க அது. அதுக்கு ஞாபகம், மறதி, எல்லாம் இருக்கு. எனக்கு நேத்து வச்ச கண்ணாடி இன்னிக்குக் கெடைக்கல, என்னப் பழக்க ஒரு பெட்டி இல்ல.

மாப்பிள்ளையக் குறை சொல்லக் கூடாது. சொல்லல. நடந்ததச் சொல்றேன்.

நானும் பதம்னா என்னன்னு தெரியாதவ இல்ல தம்பி. கண்ணு மங்குற வரைக்கும் கடை வச்சுத் தச்சவ. புதுத்துணிய நனைச்சுக் காயவச்சுதான் வெட்டணும். இல்லன்னா மொதத் துவைப்புலயே சட்டை தொப்புளுக்கு மேல ஏறிக்கும். அது பதம். டேப்ப வச்சு அளந்து பாக்கலாம். வயரு பழகினத எதுல அளக்குறது? காதுலயாம். அதுவும் எல்லாக் காதும் ஆகாது. காதும் பழகணுமாம். அப்ப எது பழகிச்சு, வயரா காதான்னு கேட்டேன். நல்ல கேள்விதான அது? "அத்தை, நீங்க நடு நாற்காலியில உக்காந்து கேளுங்க, தெரியும்"னாரு. தெனம் சாயந்தரம் உக்கார வைப்பாரு. கேப்பேன். "எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது மாப்பிள்ளை"ம்பேன். "நாளைக்குக் கேளுங்க அத்தை"ம்பாரு. மறுநாளும் உக்காருவேன். என்ன செய்யறது, பொண்ணக் குடுத்த எடம்.

ஒரு நாள் ஐஸ்பெட்டியில பட்டாணிப் பாக்கெட்டத் தேடி மேல்தட்டத் திறக்குறேன், கறுப்பா சுருண்டு ஒண்ணு கெடக்கு. படக்குன்னு மூடித் திரும்பத் திறந்தேன். பாத்தா வயரு. குளிர்ல வச்சு எடுத்தா அதுக்குள்ள இருக்கிற எரிச்சலெல்லாம் அடங்குமாம். எரிச்சல் வயருக்கு. பட்டாணி எனக்கு. பொண்ணுகிட்டச் சொன்னா, "பட்டாணி மேல வைக்காம பக்கத்துலதான வச்சாரு, விடும்மா"ங்கிறா. அவளும் அந்தப் பக்கம்.

வயருக்குப் போற தெசை வேற உண்டு. இந்த முனையிலேருந்து அந்த முனைக்குத்தான் பாயணுமாம். அதுக்காக முனையில வெள்ளை மையில அம்புக்குறி போட்டு வச்சிருப்பாரு. தண்ணிக் குழாய்னா சரி, மேடு பள்ளம் இருக்கு. கம்பிக்கு ஏது மேடு பள்ளம்? கேக்கல நான். அதையும் கேட்டா அதுக்கும் நாற்காலியப் போட்டுருவாரு.

அப்புறந்தான் உறை வந்துச்சு. "அத்தை, வயருக்கெல்லாம் பருத்தித் துணியில உறை தச்சுக் குடுப்பீங்களா? பிளாஸ்டிக் வெளியில இருந்தா சத்தம் கூசுது"ன்னாரு. தலையணைக்கு உறை தச்சிருக்கேன், குடைக்குத் தச்சிருக்கேன், ஒரு கிளிக் கூண்டுக்குக்கூடத் தச்சிருக்கேன். வயருக்கு உறைன்னு யாரும் வந்து நிக்கல. இருந்தாலும் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டது. தச்சேன். கறுப்புத்துணி, உள்ள மெல்லிசாப் பஞ்சு, ரெட்டைத் தையல். தரையில கெடக்கே, செட்டுக்குக் கரண்டு போற அந்த வயரப் பாருங்க, அவரே முனை மாட்டிச் செஞ்சது, உறை என்னுது. ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்போம். துணி கொஞ்சம் மிஞ்சிச்சு. மிஞ்சின துணியத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. என் சோறு வைக்கிற குக்கர் வயருக்கும் ஒரு உறை தச்சுப் போட்டேன். அது ஏன் அம்மணமாக் கெடக்கணும்?

தூசி புடிச்சுதுன்னு ஒரு நாள் உறையெல்லாம் கழட்டித் துவைச்சேன். அவரு ஆபீஸ் போயிருந்தாரு. வயரு அன்னிக்குப் பெட்டியில இல்ல, பழகி முடிச்சு அலமாரியில ஓய்வுல இருந்துச்சு. ஓய்வும் உண்டு அதுக்கு, சம்பளம் மட்டுந்தான் இல்ல. உறை காஞ்சதும் திரும்ப மாட்டுனேன். மாட்டிட்டா செட்டு வயரும் குக்கர் வயரும் ஒண்ணுபோல, முனையும் ஒண்ணுபோல, மூணு ஓட்டை. எது அலமாரிக்கு, எது அடுப்படிக்கு... ஒரே துணியில வெட்டினது. தப்பு துணி மேல.

இதுல கூத்து என்னன்னா, அந்த வாரம் ரெண்டு பேரு பாட்டு கேக்க வந்தாங்க. ஒருத்தரு பல் டாக்டரு, ஒருத்தரு ஆடிட்டரு. ரெண்டு பேருக்கும் இதே வியாதி. புது வயரு பழகிருச்சு, வந்து கேளுங்கன்னு மாப்பிள்ளை கூப்பிட்டிருக்காரு. மூணு பேரும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பல் டாக்டரு, "திரைய விலக்கின மாதிரி இருக்கு"ங்கிறாரு. ஆடிட்டரு, "பாடுற அம்மா மூச்சு எடுக்கிறது தெரியுது"ங்கிறாரு. மூச்சு எடுக்காமப் பாட அந்தம்மா என்ன மீனா? மாப்பிள்ளை சிரிக்கிறாரு. அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு, பல்லு தெரியாது, காது மட்டும் செவக்கும்.

நான் அடுப்படியில அரிசியக் கழுவிப் போட்டுட்டுக் குக்கர் வயர எடுக்கிறேன். முனையில வெள்ளையா அம்புக்குறி.

என்ன செஞ்சிருக்கணும் நான்? அம்பு காட்டின பக்கம் சொருகிட்டுச் சோத்தப் பாத்திருக்கணும். தவள தன் வாயாலதான கெடும். குக்கரத் தூக்கிக்கிட்டே போனேன் தம்பி, வயரு வாலாட்டிக்கிட்டு வருது. "மாப்பிள்ளை, உங்க வயரு இங்க இருக்கு. நீங்க கேக்கிறது என் குக்கர் வயரு. இந்த வாரம் பூரா இதுலதான் சோறு பொங்கினேன், ஒரு பருக்கைகூட ருசி மாறல"ன்னேன்.

பல் டாக்டரு சிரிச்ச சிரிப்புல அவரு மூக்குக் கண்ணாடி மடியில விழுந்துச்சு. ஆடிட்டரு, "சோத்துல திரை விலகிச்சா"ங்கிறாரு. அவங்களுந்தான ஏமாந்தாங்க? ஆனா சிரிக்கிறவன் பக்கம் சேந்துக்கிட்டா ஏமாந்த கணக்கு வராது பாருங்க. மாப்பிள்ளை எந்திரிச்சுப் போய் பாட்ட நிறுத்தினாரு. பாதியில. போன் வந்தாக்கூட பாட்டு முடியட்டும்பாரு அவரு. நிறுத்திட்டு என்னப் பாத்து, "பரவாயில்ல அத்தை"ன்னாரு.

திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டி முடிச்சிருப்பேன். பரவாயில்லன்னுட்டாரு, குக்கரத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே திரும்பினேன்.

அன்னிலேருந்து இந்த வீட்டுல ஃபேன் சத்தந்தான். வருவாரு, சாப்புடுவாரு, "நல்லா இருக்கு அத்தை"ம்பாரு, உள்ள போயிருவாரு. நடு நாற்காலி மேல பொண்ணு துவைச்ச துணியப் போட்டு வைக்கிறா. ஒரு நாள் அந்தத் துணியத் தள்ளிட்டு நானே போய் உக்காந்தேன். தெனம் உக்காந்த நேரம், காலு தானா போயிருச்சு. அவரு பாத்தாரு. அத்தை, விளக்கப் போடவான்னாரு. பாட்டப் போடவான்னு கேக்கல. அடுத்த வாரம் விளம்பரம் போட்டாச்சு.

போட்டுக் காட்டவா? எப்படிப் போடுறது, கரண்டு வயரு வேணுமே. அதான் தரையில படுத்துக் கெடக்கே. குக்கர் வயரா... நல்ல ஆளு நீங்க. அந்த வயரோட வாசத்தக்கூட அந்த செட்டுப் பக்கம் விடமாட்டேன்.

இல்ல, மாப்பிள்ளை பழக்கல இத. அவரு பெட்டிய அட்டையில போட்டுக் கட்டிப் பரண்ல ஏத்திட்டாரு.

நான்தான் இறக்கினேன். ஸ்டூல் போட்டு. மூட்டு வலிக்கு டாக்டரு ஸ்டூலே ஏறாதேன்னிருக்காரு. அவர் செஞ்ச மாதிரியே ரெண்டு முனையையும் சொருகி, மடங்காம ஹால் பூரா நீட்டிப் போட்டேன். அம்புக்குறி பாத்துத்தான். ஒரு வாரமா சோறு வச்சிருக்கில்ல, அதெல்லாம் மறக்கணும்ல அது. ...சிரிக்காதீங்க. எனக்கு இதுல ஒண்ணும் நம்பிக்கை கெடையாது. பைத்தியக்காரத்தனம். கூட்டுறப்ப மட்டும் அந்த எடத்த விட்டுட்டுக் கூட்டுறேன், அவ்வளவுதான்.

அவரு ஆபீஸ் விட்டு வந்தாரு. செவப்பு விளக்கப் பாத்தாரு, அம்புக்குறியப் பாத்தாரு, சாப்புடப் போயிட்டாரு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில ஆபீசுக்குக் கெளம்புறாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கையில ஷூ. நேராப் போனா கதவு. நடுவுல வயரு. ஒரு நிமிஷம் நின்னாரு தம்பி. அப்புறம் சோபாவச் சுத்தி, பூந்தொட்டிப் பக்கமா, சுவரோரமாப் போனாரு.

அதுக்குத்தான் உங்கள உக்கார வச்சு இவ்வளவும் பேசினேன். செட்ட எடுத்துட்டுப் போனா... சரி, நான் சொல்லல. உங்க இஷ்டம். எந்திரிச்சுட்டீங்களா? மாப்பிள்ளை வந்தா நான் சொல்லிக்கிறேன், வயரு இன்னும் பழகல, பழகினதும் வர்றேன்னுட்டாருன்னு. பொய்யில்லையே அது.

அந்தப் பக்கம் இல்ல தம்பி. போறப்பவும் சுத்திதான் போகணும்.