கடைசித் தவணைக்கு முன்னாடி

ராத்திரி ரெண்டரை மணி. எல்க் மவுண்டன் ஊருக்கும் ராலின்ஸ் ஊருக்கும் நடுவுல ஒரு ஈ காக்கா இல்லாத ரோடு. இப்ப பனிக்காக மூடி, நம்ம லாரியெல்லாம் இங்க நிறுத்தி வெச்சிருக்கானே, அதே ரோடுதான். தூக்கம் வர்றவன் இப்பவே எழுந்து போயிடு. அப்புறம் தனியா லாரிக்குப் போக மாட்டேன்னு என்கிட்ட அழக்கூடாது.

ராய்ஸ்னு ஒருத்தன். நம்ம டெல்பர்ட்டோட தங்கச்சி மார்வாவைக் கட்டினவன். பாதி ஆயுசு அடுத்தவன் லாரியை ஓட்டியே போச்சு, சொந்தமா ஒண்ணு வேணும்னு பைத்தியமா அலைஞ்சான். டெல்பர்ட் தன்னோட பழைய லாரியை வாங்கிக்கச் சொன்னான்.

"அது ஆயில் ஒழுகுதே மச்சான்."

"ஒழுகட்டும் மாப்ள. ஒழுகுற ஆயிலும் உன்னுதா இருக்கும்ல? கம்பெனி குத்தகைக்குக் குடுக்கறது பளபளன்னுதான் இருக்கும். ஆனா லோடு குடுக்கறவனும் அவன், தவணை பிடிக்கறவனும் அவன். முடியப்போற நேரத்துல லோடைக் குறைச்சான்னா என்ன பண்ணுவ?"

"உன் ஓட்டை வண்டியைத் தள்ளிவிட நான்தான் கிடைச்சேனா?"

அவ்வளவுதான். குத்தகைக்கு எடுத்துட்டான். செவப்பு லாரி. தவணை எல்லாம் கட்டி முடிச்சா வண்டி அவனுக்கே. அதுக்காக மக கல்யாணத்துக்குக் கூட அரை நாள்தான் வந்தான். கேக் வெட்டுறதுக்குள்ள கிளம்பிட்டான். பாவம்... மார்வா வாசல்லயே நின்னா.

ஒரே ஒரு தவணை பாக்கி. சொந்த லாரிக்காரன் கதவுல தன் பேரை எழுதிக்குவான், நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனா கடைசித் தவணை கட்டினப்புறம்தான் எழுதணும். அதுக்கு முன்னாடி எவனும் கை வைக்க மாட்டான். இவன் அவசரக்குடுக்கை. வெள்ளை எழுத்துல பேரை ஸ்டிக்கரா அடிச்சு வாங்கிட்டு வந்து கதவுல ஒட்டிட்டான். ஓரம் தூக்காம நகத்தால நல்லா தேய்ச்சும் விட்டான்.

அன்னிக்கு ராத்திரிதான்... அந்த ரோடு.

தட்... தட்.

சீட்டு முதுகுல. ரெண்டே தட்டு.

ஜோடி போட்டு ஓட்டினவங்களுக்குத் தெரியும். சீட்டுக்குப் பின்னாடி திரை போட்ட படுக்கையில படுத்திருக்கறவன் தன் முறை வந்ததும் அப்படித்தான் தட்டுவான். ஆனா ராய்ஸ் தனியா ஓட்டுறவன். பின்னாடி படுக்கையில யாரும் கிடையாது.

ரேடியோவை அணைச்சான். திரைக்குப் பின்னாடி மெத்தை கிறீச்னுச்சு... யாரோ புரண்டு படுக்கற மாதிரி. மூட்டு வலிக்குத் தேய்க்கற களிம்பு வாசனை வந்துச்சு. அவன் அதெல்லாம் தொட்டதே இல்ல. அப்புறம் பக்கத்து சீட்டு... பு...ஸ்ஸ்... காத்து இறங்கி அமுங்குச்சு. ஆள் உக்காந்தா அமுங்குமே, அந்த அளவுக்கு.

லாரியை எப்படி ஓரம் கட்டினான்னு அவனுக்கே ஞாபகம் இல்ல. பனியில குதிச்சான். டார்ச்சைக் கதவுல அடிச்சான்.

கதவு பூரா உறைபனி. ஆனா முன்ன எழுத்து ஒட்டியிருந்து உரிச்ச இடத்துல மட்டும் பனி பிடிக்கல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பேரு. ஆர்லோ. வெண்டல். கிளீட்டஸ். எல்லாரும் அவசரப்பட்டவங்கதான் போல. அதுக்குக் கீழ... ராய்ஸ்.

அவன் காலையில ஒட்டின வெள்ளை எழுத்து அங்க இல்ல. எப்பவோ உரிச்சு எடுத்த மாதிரி வெறும் தடம்தான் இருந்துச்சு.

மறுநாளே சாவியைக் கம்பெனியில தூக்கிப் போட்டுட்டான். "ஒரே ஒரு தவணைதானேங்க"ன்னு மார்வா அழுதா. கட்டினது ஒண்ணும் திரும்பி வராது, அதான் குத்தகை. டெல்பர்ட்டோட ஒழுகுற லாரியையே வாங்கி ஓட்ட ஆரம்பிச்சான். சிரிக்கறது நின்னு போச்சு. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கூடச் சொல்ல மாட்டான்.

டெல்பர்ட்டுக்கு மனசு கேக்கல. கதவுல பார்த்ததா ராய்ஸ் சொன்ன அந்த மூணு பேரையும் தேடிப் போனான். செத்திருப்பானுங்கன்னு நினைச்சுத்தான் போனான். செத்திருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்... மூணு பேரும் உயிரோட இருக்கானுங்க. லாரியைத் திருப்பிக் குடுத்தவனுங்க. மூணு வீட்டுப் பொண்டாட்டியும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பேச்சு. "மனுஷன் திரும்பி வந்தாரு. ஆனா முழுசா வரல."

போன குளிர்காலத்துல ஒரு ராத்திரி, லாரமி ஊர் டீசல் பங்க்ல டெல்பர்ட் அந்தச் செவப்பு லாரியைப் பார்த்திருக்கான். யோலண்டான்னு ஒரு பொண்ணு, புதுசா குத்தகைக்கு எடுத்திருக்கா. எஞ்சினை அணைச்சுப் பூட்டிட்டு, சாவியைக் கையில வெச்சுக்கிட்டு பங்க் கடைக்குள்ள காபி குடிச்சிட்டிருந்தா.

"தனியாவா ஓட்டுற தங்கச்சி?"

அவ ஜன்னல் வழியா லாரியைத் திரும்பிப் பார்த்தா.

"சிரிக்கக் கூடாது அண்ணே. உள்ள ஒருத்தர் இருக்காரு. பின்னாடி நாலு குரல் கேக்கும்... ஆனா என்கிட்ட பேசறது அவரு ஒருத்தர்தான். நான் கண் அசந்தா தட்டி எழுப்புவாரு. மரியாதையான ஆளு. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. 'கடைசித் தவணை போயிடுச்சா?'ன்னு."

டெல்பர்ட் அங்கேயே நின்னு மார்வாவுக்குப் போன் போட்டான்.

"மார்வா... மாப்ள எங்க?"

"பக்கத்துல தூங்குறாரு. ஏண்ணே இந்த நேரத்துல?"

"நல்லாப் பாரு. என்ன பண்றாரு?"

"தினம் பண்றதுதான்... போர்வைக்கு மேல ரெண்டு கையும் ஸ்டியரிங் திருப்புது. என்னைக்கும் இப்படித்தான். நான் கண்டுக்கறதில்ல." அப்புறம் அவ குரல் மாறிச்சு. "அண்ணே... இன்னிக்கு ஒரு கையை மேல தூக்குறாரு. தலைக்கு மேல எதையோ பிடிச்சு... இழுக்கறாரு..."

வெளிய, பூட்டிக் கிடந்த செவப்பு லாரி, தலைக்கு மேல தொங்கற ஹாரன் கயிறை யாரோ இழுத்த மாதிரி நீளமா ஹாரன் அடிச்சுச்சு.