ஐம்பது புள்ளிக்குக் கீழே

ஓய்வு பெற்றவனுக்கு நல்ல நாற்காலி ஒன்று அமைந்துவிட்டால் போதும், இன்ஸ்பெக்டர் அம்மா. என்னுடையதற்கு ஐந்து சக்கரம். உட்கார்ந்தபடியே அடுப்படிவரை உருண்டு போய் வருவேன். அதில் இருந்துகொண்டுதான் வீட்டுச் சாதனங்களுக்கான அந்தக் கேள்வி-பதில் இணையதளத்தை ஆறு வருடமாகக் காத்துவந்தேன். முப்பத்தோரு வருடம் கேஸ் கீசர் பழுதுபார்த்த கை இது. சம்பளமில்லாத வேலை என்பதற்காகச் சோம்பவில்லை. ஒரு லட்சம் கேள்விகளையாவது மூடியிருப்பேன். கொசுவைக்கூட அவ்வளவு சுறுசுறுப்பாக நான் அடித்ததில்லை.

புதியவர்கள் என்றால் எனக்குக் குமட்டும். தேடிப் பார்க்க மாட்டார்கள். ‘ஹலோ பிரண்ட்ஸ், அவசரம்’ என்று சேற்றுக்காலோடு நுழைவார்கள். ஒவ்வொரு கேள்வியும் சாப்பாட்டில் கிடக்கும் தலைமுடி மாதிரி. இழுத்து வெளியே போட்டால்தான் அடுத்த வாய் இறங்கும்.

அதற்காகவே ஒரு விதி கொண்டுவந்தேன். ஐம்பது புள்ளி சேரும்வரை புதியவர் கேள்வி மட்டும் போடலாம். அதன் கீழே யாராவது ஏதாவது கேட்டால் அவரால் மறுமொழி எழுத முடியாது. பிறகு வேலை சுலபம். நான் ஒரு விவரம் கேட்பேன். அவரால் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் பொறுத்து, ‘கேட்டவர் விவரம் தரவில்லை’ என்று மூடுவேன். மூடிய கேள்விக்கு யாரும் பதிலும் தர முடியாது, புள்ளியும் தர முடியாது. இதில் வஞ்சம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ‘தையல்காரி’ என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். பாத்ரூம் கீசரில் நீலமாக எரிந்த தீ ஒரு வாரமாக மஞ்சளாக எரிகிறதாம். குளித்துவிட்டு வந்தால் தனக்கும் மகளுக்கும் தலைவலி, வாந்தி. ‘ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க’ என்று முடித்திருந்தாள். எழுத்துப்பிழை நான்கு.

எந்த மாடல் என்று கேட்டு வைத்தேன்.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“ஏங்க, ஒரு வரி சொல்லிட்டா உங்க விரல் என்ன தேஞ்சா போயிடும்?”

“எல்லாருக்கும் ஊட்டி விட்டுக்கிட்டே இருந்தா எவளும் தானா சாப்பிட மாட்டா.”

“மஞ்சத் தீ ஆபத்துன்னு எனக்கே தெரியுதே. இத்தனை வருஷமா நீங்கதானே வீடு வீடா கத்திக்கிட்டு இருந்தீங்க.”

“உனக்கும் அம்பது புள்ளி இல்லடி. பேசாம இரு.”

அவள் சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவை அது.

பதினொன்றுக்கு மூடினேன். பதினொன்றேகாலுக்கு அந்தத் தையல்காரியிடமிருந்தே இன்னொரு கேள்வி. ‘அண்ணா, கீழே எழுத விடமாட்டேங்குது. மாடல் போட்டோ வச்சிருக்கேன். மதியம் தலைக்குக் குளிக்கணும். கீசர் போடலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க.’ முன்பின் தெரியாதவள் அண்ணா என்றது உடம்பில் புழு ஊர்ந்தது போலிருந்தது. அதையும் மூடினேன். ஒரே கேள்வியை இருமுறை போட்டதற்காக ஒரு நாள் தடையும் விதித்தேன்.

மதியம் அவள் குளித்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தாள்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. மாடல் எனக்குத் தேவையே இல்லை. மஞ்சள் தீ, தலைவலி என்றதுமே, காற்றுப் போக்கில்லாத குளியலறையில் நச்சுவாயு சேர்கிறது என்று தெரிந்துவிட்டது. ‘அணைத்துவிடு, ஜன்னலைத் திற, வெளியே வா.’ ஐந்து சொல். தட்டச்சு செய்யப் பத்து நொடி ஆகியிருக்கும். தடை விதிக்கத்தான் அரை நிமிடம் பிடித்தது.

வியாழக்கிழமை அவள் கணவர் புதுக் கணக்குத் திறந்து, ‘என் மனைவிக்கு ஏன் யாருமே பதில் சொல்லவில்லை?’ என்று கேட்டிருந்தார். அதற்குள் மஞ்சள் தீயைப் பற்றி நானே ஒரு கேள்வி போட்டு, படங்களோடு முழுமையான பதிலும் எழுதி வைத்திருந்தேன். அவருடையதை ‘ஏற்கெனவே பதில் உள்ளது’ என்று மூடி, அதற்கு இணைப்புக் கொடுத்தேன்.

அந்தப் பதிலுக்கு இதுவரை அறுநூறு பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.