ஏழாவது புள்ளி

லஸ்ஹர்: அவ்வளவுதானே அண்ணி? கையப் பாருங்க, ஒவ்வாமை இருக்கான்னு ஊசில குத்தினதுல ஒரு புள்ளிகூட வீங்கல. மரம் ஏறலாம்னு சீட்ட எழுதிக் குடுங்க, நான் கெளம்புறேன்.

மப்ரூகா: பதினஞ்சு நிமிஷம் ஆகட்டும். சொறியாம உக்காரு.

லஸ்ஹர்: ஆண் பாளையெல்லாம் வெடிச்சு நிக்குது. நாலு நாள்ல பெண் பாளைக்குள்ள செருகலன்னா, இந்த வருஷம் நம்ம தோசர் ஊர்ல ஒரு பேரீச்சம்பழம்கூட...

மப்ரூகா: தோசர் முழுக்க நீ ஒருத்தன்தான் மரம் ஏறுறியா?

லஸ்ஹர்: அண்ணன் போனப்புறம் நம்ம தோப்புல வேற யாரு இருக்கா?

மப்ரூகா: கைய நேரா வை.

லஸ்ஹர்: தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி.

மப்ரூகா: விடு. போன வருஷம் தும்மினியா?

லஸ்ஹர்: சும்மா நாலு தும்மல். பத்து வருஷமா அந்தப் பூந்தூள்லயேதான் குளிக்கிறேன். திடீர்னு எப்படி ஒத்துக்காமப் போகும்?

மப்ரூகா: அப்படித்தான் போகும். மொதல்ல சத்தமே இருக்காது. மூக்குக்குள்ள ஒரு செல் அந்தத் தூளப் புடிச்சு, இவன்தான் எதிரின்னு மத்த செல்லுங்ககிட்ட காட்டிக்குடுக்கும். அதுங்க அந்தத் தூளுக்குன்னே எதிர்ப்பொருள் செஞ்சு அனுப்பும். அது மாஸ்ட் செல்லுன்னு காவல் காக்குற செல் மேல ஏறி உக்காந்து காத்துக் கெடக்கும்.

லஸ்ஹர்: எவ்ளோ நாளைக்கு?

மப்ரூகா: வருஷக்கணக்கா. அதே தூள் மறுபடி வந்து ஒட்டிச்சுன்னா, மாஸ்ட் செல் உள்ள வச்சிருக்கிற ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்த அப்படியே கொட்டிடும். மூக்கு ஒழுகும், கண்ணு மறைக்கும், அடுக்கடுக்கா தும்மல். பதினஞ்சு மீட்டர் உசரத்துல.

லஸ்ஹர்: நம்ம அத்தை மாதிரி இருக்கே! கல்யாணத்துல குஸ்குஸ்ல கறி கம்மின்னு ஏழு வருஷம் கழிச்சு சண்டைக்கு வந்தாங்களே...

மப்ரூகா: சிரிக்காத. கையக் காட்டு.

லஸ்ஹர்: பாருங்க. மொழுமொழுன்னு இருக்கு.

மப்ரூகா: அதான் பயமா இருக்கு. ஏழாவது புள்ளில என்ன வச்சேன் தெரியுமா? தூள் இல்ல. அந்த ஹிஸ்டமினேதான். ஒவ்வாமை இருந்தாலும் இல்லாட்டியும், யார் கையிலயும் அது வீங்கணும். உன் கையில வீங்கல.

லஸ்ஹர்: மரம் ஏறி ஏறித் தோலு தடிச்சு...

மப்ரூகா: ஹிஸ்டமினை அடக்குற மாத்திரை போட்டுட்டு வந்திருக்க.

லஸ்ஹர்: நேத்து ஒண்ணு. காலைல ஒண்ணு. சீட்டு இல்லன்னா விவசாயிங்க சங்கம் மரத்தத் தொட விடாது அண்ணி!

மப்ரூகா: சீட்டு கெடையாது. இந்த யோசனைய யாரு சொல்லிக்குடுத்தது?

லஸ்ஹர்: வேணாம் அண்ணி.

மப்ரூகா: சொல்லு.

லஸ்ஹர்: அண்ணன்தான். போன வருஷம் இதே நாற்காலில அவரும் மாத்திரை போட்டுட்டுத்தான் உக்காந்தாரு. "உங்க அண்ணியையே ஏமாத்திட்டேன்டா"ன்னு சிரிச்சாரு. அப்புறம் மாத்திரை வேகம் எறங்கி, மரத்து மேல தும்மித் தும்மி, கைப்பிடி விட்டு... நான் வாயத் தொறந்து உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உசுரோட இருந்திருப்பாரு. ஒரு வருஷமா சோறு எறங்கல. நீங்க பாவம், ஒண்ணும் தெரியாம சீட்டு எழுதினீங்க.

மப்ரூகா: ஏமாத்திட்டேன்னா சொன்னாரு?

லஸ்ஹர்: ஆமா.

மப்ரூகா: உன்கிட்டகூட என்னக் காட்டிக்குடுக்கல...

லஸ்ஹர்: என்ன சொல்றீங்க?

மப்ரூகா: கால்ல விழாத குறையா கெஞ்சினாரு. அந்த மாத்திரைய நான்தான் குடுத்தேன் லஸ்ஹர், தண்ணியோட. அவரோட ஏழாவது புள்ளியும் வீங்கல. அதப் பாத்துக்கிட்டேதான் சீட்டு எழுதினேன்.