ஐம்பது மீட்டருக்கு அப்பால் குடியேறிய தெரு

பேசுகிறவரைப் பொறுமையோடும் கைக்கடிகாரத்தைப் பொறுமையில்லாமலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், எங்கள் மருந்துக்கடைப் பெரியவர் அவர்களே! முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கும் தாய்மார்களே! பாதுகாப்புக்கு வந்து, பாதுகாப்பாக ஒரு நாற்காலி பிடித்து அமர்ந்துவிட்ட இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே! அவைக்கு வந்தவர்களுக்கும், வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருப்பவர்களுக்கும் இந்த மைக்செட்காரனின் பணிவான வணக்கம்!

பத்தொன்பது ஆண்டுகளாக நான் மேடை ஏறுகிறேன். ஏறியதெல்லாம் "ஹலோ, ஹலோ" என்று சொல்லி இறங்கத்தான். ஏறிய வேகத்தில் இறங்கிய என்னை இன்று இறங்காமல் நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். மேடைக்கு அடியில், கம்பிச் சுருளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அமர்ந்து எத்தனை பேச்சு கேட்டிருப்பேன்! கேட்டுக் கேட்டு என் நாக்கும் அந்தத் தாளத்துக்கே பழகிவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட, "தாகம் தணிக்கும் தண்ணீரைத் தாராயோ?" என்றுதான் வருகிறது. என் மனைவி, "குழாய் அங்கதான் இருக்கு" என்பாள்.

குழாய் என்றதும் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய குழாய் அல்ல, நாம் சிந்திக்க வேண்டிய குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

வெளியூர் அன்பர்களும் வந்திருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். ஒரு காலையில் எங்கள் தெருவின் பின்புறம் மஞ்சள் கொடிகள் முளைத்தன. யார் நட்டது, எதற்கு நட்டது, எவரிடம் கேட்டு நட்டது? ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து மண் தோண்டும் இயந்திரம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, மின் நிலையத்துக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய் எங்கள் கொல்லைப்புறமாக ஓடப்போகிறது என்று. ஒரு மனிதன் குனிந்தே நுழையக்கூடிய குழாய்! எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். கடைசி வீடு ரொட்டிக்கடை. அங்கே அடுப்பு விடிந்ததிலிருந்து கடை அடைக்கிறவரை எரியும். வாயு இந்தப் பக்கம், தீ அந்தப் பக்கம், நடுவே நாங்கள். இந்தச் சம்பந்தம் பொருந்துமா? நீங்களே சொல்லுங்கள்!

மனு கொடுத்தோம். மனுவை வாங்கினார்கள். வாங்கிய மனுவின் மேல் இன்னொரு மனுவை வைத்தார்கள். மூன்றாவது முறை போனபோது எங்கள் முதல் மனு, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசை ஆடவில்லை என்பதை மட்டும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

பொறுத்தது போதும் என்று பொங்கினேன் நான். கடையில் இருந்த ஆறு ஒலிபெருக்கிகளையும் அவிழ்த்துக் கொண்டுவந்து பின்புறச் சுவரில் வரிசையாகக் கட்டினேன். "குழியைத் தோண்டாதே, குடியைக் கெடுக்காதே!" என்று நான் குரல் கொடுக்க, தெருவே திருப்பிச் சொல்ல, இயந்திரத்தின் முன்னால் ஐம்பது பேர் உட்கார்ந்தோம். இயந்திர ஓட்டுநர் நல்லவர். எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் எங்களோடு தேநீர் குடித்தார். குழாய்க் கம்பெனி நல்லதாக இல்லை. அது நீதிமன்றத்துக்குப் போனது.

ஐந்தாம் நாள் ஒரு காவலர் வந்து மின்கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினார். இடைக்கால உத்தரவு. அடுத்த விசாரணை வரையில், அதாவது இருபத்தொரு நாள், இந்தத் தெருவாசிகள் ஒருவரும் குழாய்ப் பள்ளத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் காணப்படக் கூடாது. ஒலிபெருக்கி கூடவே கூடாது.

அன்று மாலை ரொட்டிக்கடையில் கூடினோம். மாவு மேடையே எனக்கு மேடை. "தடை என்றால் தகர்ப்போம்! பள்ளம் என்றால் மண்ணால் மூடுவோம்! சிறை என்றால் சிரித்துக்கொண்டே செல்வோம்!" என்றேன். மாவுப் புகை பறக்க ஒரே கைதட்டல். உண்மையைச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கே எனக்கென்று விழுந்த கைதட்டல் அது. அந்த நேரம் சிறைக்கு வண்டி வந்திருந்தால் சன்னலோர இருக்கை கேட்டு ஏறியிருப்பேன்.

கைதட்டாதவர் ஒரே ஒருவர். என் அண்ணி.

என் அண்ணன் காலமாகிப் பதினோரு ஆண்டுகள். அண்ணி தையல்காரர். வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கி தைத்தே இரண்டு பெண்களை ஆளாக்கியவர். பேச்சு குறைவு. குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே வாழ்கிறவர் எப்படி அதிகம் பேசுவார்? அன்று ஊசியை எடுத்துவிட்டு, தாளை இன்னொரு தரம் நிதானமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'ஐம்பது மீட்டருக்குள் காணப்படக் கூடாது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நம்ம வீடு பள்ளத்துலேர்ந்து எவ்வளவு தூரம் தம்பி?"

தெரியவில்லை என்றேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு எழுந்து போனார். பள்ளத்தின் விளிம்பிலிருந்து தன் பின்வாசல் வரை ஒன்றரை மீட்டர் நாடாவால், குனிந்து குனிந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் போட்டு அளந்தார். சரியாகப் பதினைந்து நாடா. இருபத்திரண்டரை மீட்டர்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பற்றி எரியும்போது ஊக்கு தேடுகிறாரே என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீ மண்ணை அள்ளிப் போட்டா, அவங்க கேஸுக்கு நீயே சாட்சியாயிடுவ. சட்டத்தை மீறினா நீ மட்டும் உள்ள போவ. சொன்னபடி நடந்தா நாம எல்லாரும் வெளிய போகணும். போயிடலாம்."

"எங்க போறது அண்ணி?"

"அம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம்."

ஆன்றோர்களே! மறுநாள் காலை நடந்ததை எப்படி வருணிப்பேன்! முப்பத்தெட்டு வீடும் காலியானது. கட்டில் வந்தது, தொட்டில் வந்தது, பெட்டி வந்தது, படுக்கை வந்தது. காலில் மாவுக்கட்டோடு இருந்த தச்சர், தான் செய்த நாற்காலியிலேயே தூக்கி வரப்பட்டார். போகும் வழியெல்லாம் நாற்காலி எவ்வளவு உறுதி என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணியின் தையல் இயந்திரம் தள்ளுவண்டியில் வந்தது. கடைசியாக ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, கண் கலங்க, மாவுத் தொட்டியை அணைத்துக்கொண்டு வந்தார்.

பள்ளத்துக்கு எண்பது மீட்டர் தள்ளி, எங்களைக் கொள்ளும் அளவுக்கு இருந்த காலியிடம் ஒன்றே ஒன்று. அது எது? அது எது என்று கேட்கிறேன்! ஆமாம் தாயே, சரியாகச் சொன்னீர்கள். காவல் நிலையத்து முற்றம்!

இன்ஸ்பெக்டர் ஐயா, குனியாதீர்கள். உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன்.

ஐயா ஜீப்பில் வந்து இறங்குகிறார். அவர் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கட்டில். கட்டிலில் தச்சர். கொடிமரத்தடியில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் நீங்களெல்லாம், எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டார். ஆர்ப்பாட்டம் இல்லை, கீழ்ப்படிதல் என்று அண்ணி உத்தரவின் நகலை நீட்டினார். அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்றார் ஐயா.

"போறோம் சார். வீட்டுக்குப் போகலாம்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஐயா பேனாவை எடுத்தார். தாளைப் படித்தார். பேனாவை மூடினார். இன்னொரு முறை படித்தார். பிறகு அந்த நாடாவைக் கடன் வாங்கிக்கொண்டு தாமே போய் அளந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் தச்சருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி அவர் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பித்தானைத் தைத்துக் கொடுத்தார். அன்றே நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதினார் ஐயா. அந்த நேர்மைக்கு இந்த அவை கைதட்டட்டும்!

மூன்று நாள் அந்த முற்றத்தில் இருந்தோம். நகரத்தில் ரொட்டி இல்லை. கேட்டு வந்தவர்களிடம் ரொட்டிக்கடைக்காரர் உத்தரவைக் காட்டினார். முழக்கம் கூடாது என்பது அண்ணியின் கட்டளை. முழங்கியே பழகிய நான் மூன்று நாள் மென்மையாகப் பேசினேன். தொண்டை வலித்தது!

இரண்டாம் நாள் பகலில் மழை கொட்டியது. இங்கேதான், தாய்மார்களே, நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாய் நனைந்து, படுக்கை நனைந்து, தச்சரின் மாவுக்கட்டு கரைந்து, குழந்தைகள் நடுங்குவதைப் பார்த்ததும் எனக்கு அறிவு போய்விட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தேன். ஐம்பதாவது மீட்டரில் அண்ணி கட்டியிருந்த சிவப்பு நூல் மழையில் சொட்டிக்கொண்டிருந்தது. நூலுக்கு இந்தப் பக்கம் அண்ணியும் நனைந்தபடி நின்றார். எனக்கு முன்னால் எப்படி வந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஏசவில்லை.

"தாண்டணும்னா தாண்டு தம்பி. ஆனா தாண்டிட்டேன்னா, கோர்ட்ல ஜட்ஜ் முன்னாடி நின்னு பேச எனக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் இருக்காது."

ஆறு ஒலிபெருக்கி வைத்திருந்தவன் நான். அந்த மெல்லிய குரல் அத்தனையையும் அமுக்கிவிட்டது. திரும்பி நடந்தேன். மழையில் நனைந்ததால் நான் அழுதது ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, பரவாயில்லை.

ஐயாவின் அறிக்கையைப் பார்த்த நீதிமன்றம், இருபத்தொரு நாள் காத்திருக்காமல் நான்காம் நாளே எங்களை அழைத்தது. நீதிபதி ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கம்பெனி வக்கீல் ஒரு கட்டு காகிதத்தோடு எழுந்தார். அவர் போட்டிருந்த அங்கி அண்ணி தைத்தது. இடது கை விளிம்பில் தையல் பிரிந்திருக்கிறது என்று அண்ணி என் காதில் சொன்னார். நீதிபதி அண்ணியைக் கூண்டுக்கு அழைத்தார்.

"உங்களை வீட்டை விட்டு யாரும்மா வெளிய போகச் சொன்னது?"

"நீங்கதாங்கம்மா."

வக்கீல் குறுக்கிட்டார். பள்ளத்துக்கு நூறு மீட்டருக்குள் குடியிருப்பே கிடையாது, பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கிறது, அதை வைத்துத்தான் உத்தரவே வாங்கினோம் என்றார். அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ நான் யாருங்க?"

அவையோரே! அடுக்கு மொழியில் நான் ஆயிரம் பேசியிருக்கிறேன். இந்த மூன்று சொல்லுக்கு அவை ஈடாகுமா? நீதிபதி வரைபடத்தை வாங்கி விரித்தார். எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்! தெரு பிறப்பதற்கு முன்பு வரைந்த படம். முப்பத்தெட்டு வீடும், ரொட்டிக்கடை அடுப்பும், நானும், என் ஆறு ஒலிபெருக்கியும் அந்தப் படத்தில் வெறும் புல்தரை. நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது. அவர் இரும்பு நாடாவால் அளந்தார். இருபத்திரண்டு மீட்டர், நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததற்கு இரும்பு நாடாதான் காரணம் என்று அண்ணி இன்றுவரை நம்புகிறார்.

கம்பெனி வாங்கிய உரிமத்திலேயே, வீடுகளிலிருந்து முப்பது மீட்டர் தள்ளித்தான் குழாய் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் மேலிருந்த தடை நீங்கியது. அவர்கள் மேல் தடை விழுந்தது. பள்ளத்தை அவர்களே மூடினார்கள். அன்று மாலையே ரொட்டிக்கடை அடுப்பு எரிந்தது. முதல் ரொட்டி கருகிப்போயிருந்தது. அதைப்போல் ருசியான ரொட்டியை நான் தின்றதில்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'முடிக்கவும்' என்று இருக்கிறது. முடிக்கிறேன் ஐயா, முடிப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பாராட்டுக் கூட்டம் என்றுதான் அழைத்தீர்கள். பாராட்டுக்கு உரியவர் எங்கே? மேடையில் அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது? சொல்கிறேன். நேற்று குழாயின் புதிய பாதையை அறிவித்தார்கள். அது சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு, செங்கல் சூளைக்குப் பின்னால் போகிறது. புதிய படத்தில் அந்த இடமும் வெள்ளைத் தாள்தான். ஆனால் அங்கே பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. தகரக் கூரை, பட்டா இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். எங்கள் கொல்லையிலிருந்து தப்பிய குழாய் அவர்கள் கொல்லைக்குப் போகிறது! அண்ணி காலையிலேயே அங்கே போய்விட்டார். கூட்டத்துக்கு வர முடியாது, நீயே ஏதாவது பேசிவிடு என்றார்.

விளக்கு எரிய வேண்டாம் என்றா நாம் சொல்கிறோம்? வீட்டில் மனிதர் இல்லை என்று எழுதி எரிக்காதீர்கள் என்கிறோம். சட்டம் அவர்களுக்குச் சுவராகவும் நமக்குக் கதவாகவும் இருந்தது ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா? நாம் தப்பித்துக்கொண்டு, அடுத்தவர் மாட்டிக்கொண்டால், அதற்குப் பெயர் வெற்றியா? வெற்றியா என்று கேட்கிறேன்!

ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நாளை கடைசி நாள். காலை பத்து மணிக்குச் சூளையடியில் மேசை போட்டிருக்கிறோம். அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் சொல்லச் சொல்ல எழுதித் தரக் கை வேண்டும், சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் பேனாவோடு வாருங்கள். தெரியாதவர்கள் உங்களோடு ஒருவரைக் கூட்டி வாருங்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் பணியில் இருப்பீர்கள், தெரியும். பத்திலிருந்து பதினொன்றுக்குள் அந்தப் பக்கம் ரோந்து இருந்தால் நல்லது. தலையசைக்கிறார். நன்றி.

நீண்ட நேரம் பொறுத்த தலைவருக்கும், நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்த உங்களுக்கும், என் பேச்சைக் கேட்காமல் என்னைக் காப்பாற்றிய என் அண்ணிக்கும் நன்றி. நாளை காலை சூளையடியில் சந்திப்போம். வணக்கம்!