தொண்ணூற்றாறு என்று எழுதிய குழி

பெயர்: ஹே சூச்சின். வயது: 43. கணவர் பெயர்: ஷென் குவோலியாங். தொழில்: மண் பரிசோதனைப் பொறியாளர். விலாசம்: சிச்சுவான் மாகாணம், யிபின் நகருக்குத் தெற்கே நெடுஞ்சாலைப் பணி முகாம், ஆறாம் எண் தகர வீடு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் அதே பணியில் ரோலர் ஓட்டுகிறார். ரோலர் அழுத்திய மண்ணில் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு, குழியை மணலால் நிரப்பி அளந்து, மண் எத்தனை சதவீதம் கெட்டியாகியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. தொண்ணூற்றாறுக்குக் குறைந்தால் மேலே மண் போடக் கூடாது. பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்து வருகிறேன்.

சென்ற வருடம் மார்ச் மாதம் பாங் லிஹுவா எங்கள் பணிக்கு வந்தார். செங்டுவில் கல்லூரியில் படித்தபோது நானும் அவரும் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். மதிப்பெண்ணில் நான் அவருக்கு முன்னால் இருந்தேன். அதன் பின்னர் அவர் ஸ்வீடனுக்குப் படிக்கப் போனார். என் தந்தை படுக்கையில் விழுந்துவிட்டதால் நான் போகவில்லை. ரோலரின் உருளையில் ஒரு கருவியைப் பொருத்தி, மண் எப்படித் திருப்பி அதிர்கிறது என்பதைக் கொண்டு, ஓட்டுநரின் திரையில் கெட்டியான இடத்தைப் பச்சையாகவும் இளகிய இடத்தைச் சிவப்பாகவும் காட்டுவது அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கருவி என் கணவரின் ரோலரில் பொருத்தப்பட்டது.

கருவி காட்டுவது சரிதானா என்று ஒப்பிட நான் நூற்று நாற்பது குழிகள் தோண்டிக் கணக்குக் கொடுத்தேன். அதன் பின்னர் வெளியான கட்டுரையில் பாங்கின் பெயர் முதலில் இருந்தது. என் பெயர், வண்டியும் கூடாரமும் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடைசி வரியில் இருந்தது.

அதன் பின்னர் என் கணவர் சாப்பிடும்போதும் பாங்கைப் பற்றியே பேசினார். ஒரு நாள், "நீ நாள் முழுக்கத் தோண்டினாலும் ஆறு குழி. அவங்க மெஷின் ஒரு அடி விடாம பாத்துடுது. இனிமே ரோலருக்கு ஆளே வேணாமாம், தானா ஓடுமாம்," என்றார்.

"அப்ப உன் வேலையும் போச்சு. அதுக்கா இந்தச் சிரிப்பு?" என்று கேட்டேன்.

"பாங் மேடம் என்னை செங்டுவுக்குப் பயிற்சிக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க," என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அவர் கிண்ணத்து மீனில் நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் ஜூன் 11ஆம் தேதி, மூன்று நாள் மழைக்குப் பின்னர், பாலத்தை ஒட்டிய கரையில் எட்டு மீட்டர் நீளத்துக்குத் திரை சிவப்பாகக் காட்டியது. பாங் வேலையை நிறுத்தச் சொன்னார். பணித் தலைவர் மோ தெச்சாங், "மழைல கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். சூச்சின் குழி போட்டுச் சொல்லட்டும், அதான் முடிவு," என்றார். ஒப்பந்தப்படியும் குழிதான் முடிவு.

நான் குழி தோண்டினேன். மண் பிசைந்த மாவு போலக் கையில் ஒட்டியது. கணக்கு எண்பத்தொன்பது வந்தது. பாங் குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, "என்னடி வந்திருக்கு?" என்று கேட்டார். நான் தாளில் தொண்ணூற்றாறு என்று எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப என் கணக்குலதான் கோளாறு," என்றார். அன்று மாலை நான் தலைக்குக் குளித்துவிட்டுக் கடைக்குப் போய் பீச் பழம் வாங்கினேன்.

அதன் பின்னர் மோவின் உத்தரவுப்படி கருவி கழற்றப்பட்டு, பாங் அதை எடுத்துக்கொண்டு செங்டு போனார். அந்த இடத்தின் மேல் இன்னும் இரண்டு அடுக்கு மண் போடப்பட்டது. நான் தடுக்கவில்லை. ஜூன் 19ஆம் தேதி காலை பத்து மணிக்கு என் கணவர் அங்கே உருட்டிக்கொண்டிருந்தபோது கரை சரிந்து ரோலர் கவிழ்ந்தது. அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விபத்து அறிக்கையில் மழைதான் காரணம் என்று எழுதப்பட்டது.

மூன்றாம் நாள் பாங் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கணவர் அவரிடம், "அந்த எடம் எளகித்தான் இருந்துச்சா மேடம்? செவப்பு காட்டுச்சே," என்று கேட்டார்.

"இல்லண்ணே, மெஷின்தான் தப்பு. சூச்சின் கையால தோண்டிப் பாத்தா. அவ எழுதினா எழுதினதுதான்," என்றார் பாங்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். நான் பக்கத்தில் இருக்கும்போது இவளிடம் ஏன் கேட்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் இழந்த காலைப் பற்றிய எண்ணம் அதன் பின்னர்தான் வந்தது.

இன்று காலை என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கால் இல்லாத இடத்தில் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "மொதல்ல பாங் மேடத்துக்கு ஃபோன் போடு. அவங்க மெஷின் மேல தப்பில்லன்னு சொல்லு," என்றார். நான் பாங்குக்கு ஃபோன் செய்யாமல் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். எண்பத்தொன்பது என்று நான் குறித்த எடை நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இந்த மூன்று பக்கங்களையும் நானே வாசித்தேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் மிரட்டவில்லை. பக்கந்தோறும் சிவப்பு மையில் விரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) ஹே சூச்சின்