மறுபடி எடுங்கள் என்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தடயவியல் ஆய்வக இயக்குநர் அவர்களே, காவல்துறை அதிகாரிகளே, வழக்கறிஞர் நண்பர்களே, முன்வரிசையில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் தங்கை அவர்களே, என்னோடு டி.என்.ஏ. பிரிவில் வேலை செய்யும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசிய இயக்குநர், எங்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்து மறைந்த அம்மையாரை "அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று புகழ்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மையாரா அமைதியானவர்? அவர் போட்ட சத்தத்துக்கு எங்கள் குளிர்பதன அறையின் கதவு சாட்சி சொல்லும். அவர் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் காது கொடுக்கவில்லை. அதனால் அவர் உங்களுக்கு அமைதியானவராகிவிட்டார். இரங்கல் கூட்டத்தில் பட்டும் படாமலும் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவது வழக்கம். இன்று என்னால் அது முடியாது.

எங்கள் பிரிவில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மறுபடி அம்மா. எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் "மறுபடி எடுங்க" என்பார். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த தடயமும், தரவுத்தளத்தில் இருக்கும் ஒருவரின் டி.என்.ஏ.வும் பொருந்துகின்றன என்று கம்ப்யூட்டர் சொன்னால் அவருக்குப் போதாது. அந்த ஆளை வரவழைத்து, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி மறுபடி மாதிரி எடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். எங்களோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோது, "மாப்பிள்ளை அதே ஆள்தானேம்மா, மறுபடி ஒரு தடவை பாத்துட்டியா?" என்று கேட்டவர் அவர். அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த "மறுபடி"யின் விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது.

அம்மையார் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்த சமயம். பள்ளிவிட்டு வீட்டுக்குப் போன ஒரு சிறுமியை ஒருவன் சிதைத்தான். அவள் உடையில் இருந்த தடயம் தரவுத்தளத்தில் ஒரு தையல்காரரின் பெயரைக் காட்டியது. முன்பு ஒரு தெருச்சண்டையில் பிடிபட்டபோது அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். கைதாகிற எல்லோரிடமும் ஒரு தடவை எடுக்க வேண்டும் என்பது சட்டம்; ஏற்கெனவே எடுத்தவர்களிடம் மறுபடி எடுப்பதில்லை. மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று எங்கள் பிரிவு கேட்டது. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு இன்னொரு தடவை எதற்கு, அறிக்கையை அனுப்புங்கள் என்றது மேலிடம். அறிக்கை போனது. தையல்காரர் சிறைக்குப் போனார். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவர் பெயரும் படமும் வீட்டு விலாசமும் ஏறின. யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வெட்டாத துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டு கடைக்குப் போய்வந்தார்.

அவர் சிறையில் இருக்கும்போதே இன்னொரு சிறுமிக்கு அதே கொடுமை நடந்தது. கம்ப்யூட்டர் மறுபடியும் அதே தையல்காரரைக் காட்டியது. சிறைக்குள் பூட்டி வைத்திருக்கிற மனிதர் தெருவுக்கு எப்படி ஐயா வந்தார்? மாதிரி கெட்டுப்போயிருக்கும், அதைத் தள்ளிவையுங்கள் என்று சொன்னார்கள். வாய் கூசாமல் சொன்னார்கள். விடுப்பு முடிந்து வந்திருந்த அம்மையார் தள்ளிவைக்கவில்லை. நீதிமன்றத்தில் முட்டி மோதி உத்தரவு வாங்கி, சிறைக்குப் போய், தன் கையாலேயே தையல்காரரிடம் மறுபடி மாதிரி எடுத்தார். அது வேறு. தடயம் வேறு. அவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை.

தவறு எங்கே நடந்தது? தெருச்சண்டையின்போது தையல்காரரிடம் மாதிரி எடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்கே அம்மையார் போனார். மாதிரி போடும் சிறு குழாய்களில் காலையிலேயே கைதானவர்களின் பெயர் எழுதி ஒட்டி வரிசையாக வைத்துவிடுவார்கள். அவர்களும் அதே வரிசையில் வந்து மாதிரி கொடுக்க வேண்டும். சண்டையில் மூக்குடைந்த தையல்காரர் ரத்தத்தைக் கழுவப் போயிருக்கிறார். பின்னால் நின்றவன் ஒரு இடம் முன்னே நகர்ந்துவிட்டான். அவனுடைய மாதிரி தையல்காரர் பெயர் ஒட்டிய குழாயில் விழுந்தது, தையல்காரருடையது அவன் பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது. அவன்தான் அந்தக் கொடியவன். இதென்ன பழக்கம் என்று கேட்ட அம்மையாரிடம் அங்கிருந்த எழுத்தர், "நேரம் மிச்சமாகும்னு எல்லா ஸ்டேஷன்லயும் இப்படித்தாங்க செய்றோம்" என்று சொன்னார்.

எல்லா ஸ்டேஷனிலும்! அப்படியானால் இருக்கிற மாதிரிகளை எல்லாம் சரிபார்க்க வேண்டாமா என்று அம்மையார் கேட்டார். பழைய வழக்குகள் ஆட்டம் கண்டுவிடும் என்று மேலிடம் தட்டிக் கழித்தது. வழக்கு ஆட்டம் காணக் கூடாது, மனிதர்கள் அழிந்தால் பரவாயில்லையா?

உண்மையான குற்றவாளி பிடிபட்ட பிறகு, இரண்டாவது சிறுமியின் தாய் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். "அன்னிக்கே மறுபடி எடுத்திருந்தா என் பொண்ணு தப்பிச்சிருப்பாள்ல?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அம்மையார் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, தப்பிச்சிருப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இந்தத் துறையில் வேறு யாருக்குத் துணிச்சல் வந்தது?

பதிவேடே கூடாது என்று அம்மையார் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளைக் காக்க அது வேண்டும் என்றார். ஆனால் தவறான பெயர் ஒன்று அதில் இருந்தால், சரியான பெயர் ஒன்று வெளியே திரிகிறது என்றார். தையல்காரர் விடுதலையாகிவிட்டார். பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. சேர்ப்பதற்குச் சட்டத்தில் வழி எழுதினார்கள், நீக்குவதற்கு எழுதவில்லை. பதிவேட்டு அலுவலகம் ஆய்வகத்தைக் கை காட்டியது. ஆய்வகம் நீதிமன்றத்தைக் கை காட்டியது. நீதிமன்றமோ சொல்ல வேண்டியதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. அம்மையார் பதிவேட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே வரிசையில் நின்றபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாரடைப்பு என்று சான்றிதழ் சொல்கிறது. அலைக்கழித்தே கொன்றார்கள் என்று நான் சொல்கிறேன்.

நாளைக் காலை அதே வரிசையில் நான் நிற்பேன். என் பிரிவிலிருந்து, மறுபடி எடுக்காத மாதிரியை நம்பி ஓர் அறிக்கையும் என் கையெழுத்தோடு வெளியே போகாது. வேலையை விட்டு அனுப்புவதானால் அனுப்பிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றுதான் சொல்ல வேண்டும். இந்த மண்டபம் ஒரு பள்ளிக்குச் சொந்தமானது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அம்மையாருக்கு மாலை போட வந்த தையல்காரரைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவரும் மனைவியும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் வெயிலில் நிற்கிறார்கள். கூட்டம் முடியட்டும் சார், நாங்க காத்திருக்கோம் என்று கைப்பேசியில் சொன்னார்.

அவர் உள்ளே வரத்தான் தடை இருக்கிறது. நாம் வெளியே போக எந்தத் தடையும் இல்லை. மௌன அஞ்சலியை அங்கே செலுத்துவோம். தோழர்களே, அம்மையாரின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் அவர்களே, எழுந்திருங்கள். நீங்களும் எங்களோடு வருகிறீர்கள்.